ஒரே நாளில் வந்த நூற்றொரு வெள்ளி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். நான் சுங்கை பட்டாணியில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டவள். எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து யாரும் உங்கள் செயலி அருமை என்று சொன்னதில்லை. திட்டத்தான் கூப்பிடுவார்கள். திட்டு வாங்கியே ஓய்வு பெற்றவளிடம் இனிப்பாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

நாங்கள் அன்று செய்ததைத்தான் நீங்கள் இன்று செய்கிறீர்கள் என்பதால் நீட்டி விளக்கப் போவதில்லை. வாடிக்கையாளர் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் போதும். அவருடைய வங்கிக் கணக்கில் பணம் வந்தாலும் போனாலும் அந்த விவரம் தானாகவே எங்கள் தரவுத்தளத்துக்கு வந்து, சம்பளம், சாப்பாடு, பெட்ரோல், பிள்ளைகளின் டியூஷன் என்று பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். கையால் எதையும் எழுத வேண்டாம். ‘உங்கள் பணம், உங்கள் கண்முன்னே’ என்று சுவரொட்டி அடித்து கூலிம் வரைக்கும் ஒட்டினோம். அந்த ‘உங்கள்’ என்பது யாரைக் குறிக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் பார்த்தவரை நம் ஆட்களின் வங்கிக் கணக்கு ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். தம்பி ஓட்டுகிற காடிக்கு அக்கா கணக்கிலிருந்து தவணை போகும். மாமியாரின் சேமநிதி மருமகள் கணக்கில் கிடக்கும். தோட்டத்துக் கோயில்களில் பாதிக்கு வங்கிக் கணக்கே கிடையாது. கோயில் பெயரில் கணக்குத் திறக்கப் பதிவுப் பத்திரம் வேண்டும், அது எந்தக் காலத்துத் தலைவரிடமோ மாட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே யார் பொருளாளரோ அவருடைய சொந்தக் கணக்குதான் கோயில் உண்டியல். இதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு கணக்கு என்றால் ஒரு மனிதர் என்று நினைத்தே செயலியைக் கட்டினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வங்கிகள் சில நேரம் ஒரே பரிமாற்றத்தை இரண்டு முறை அனுப்பிவிடும். அதைக் கண்டுபிடித்து ஒன்றை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சம்பளம் இரண்டு சம்பளமாகத் தெரியும். நிரல் எழுதும் தினேஷ் இதற்கு ஒரு விதி வைத்தான். ஒரே நாள், ஒரே தொகை, ஒரே குறிப்பு, மூன்றும் ஒத்துப்போனால் அது இரட்டிப்பாக வந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடலாம். எங்கள் சொந்தக் கணக்குகளை வைத்தே சோதித்துப் பார்த்தோம். பிரமாதமாக வேலை செய்தது. முதலாளி அன்று எல்லோருக்கும் கோழி பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

இந்த விதி எங்கே போய் இடித்தது என்பதைக் கேளுங்கள். நம் ஊரில் கோயிலுக்கு யாரும் நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், கொடுப்பதில்லை. நூற்றொன்றுதான். அதுவும் திருவிழா வரி என்றால் வீட்டுக்கு வீடு ஒரே தொகை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லோரும் ஆலையிலோ தோட்டத்திலோ வேலை செய்கிறவர்கள், ஆகவே சம்பளம் போட்ட அன்றைக்கே வரியையும் அனுப்பிவிடுவார்கள். குறிப்பில் ஒரே சொல்லைப் போட்டால் செயலி தானாகவே பிரித்து வைக்கும் என்று எங்கள் வழிகாட்டிப் பக்கமே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதைப் படித்துவிட்டு ஒரு பெண்மணி தன் கோயில் வாட்சாப் குழுவில் எல்லோரையும் ‘திருவிழா’ என்று மட்டும் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். எங்கள் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்ட வாடிக்கையாளரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அவர் பெயர் லெட்சுமி. கரங்கான் ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்துக் கோயிலின் பொருளாளர். கூலிமில் கையுறை ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளர். ஒரு வியாழக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடம், உங்க ஆப்புல எங்க கோயில் காசைக் காணோம்.”

“எவ்வளவு காணோம்?”

“பாதிக்கு மேல காணோம். அனுப்புனவங்க எல்லாம் ரசீதைப் படம் புடிச்சு குரூப்புல போட்டிருக்காங்க. ஆப்புல பார்த்தா ஏழெட்டுப் பேருதான் கொடுத்த மாதிரி இருக்கு. குரூப்புல என்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறாங்க.”

எங்கள் செயலியில் பகிர்வுப் பக்கம் என்று ஒன்று உண்டு. கணக்கில் எந்தப் பகுதியை வேண்டுமோ அதை மட்டும் மற்றவர்களுக்குத் திறந்து காட்டலாம். லெட்சுமி அக்கா திருவிழா வரவை மட்டும் திறந்து, அந்த இணைப்பைக் குழுவில் போட்டிருந்தார். முந்தைய பொருளாளர் கணக்கே காட்டாமல் காலம் தள்ளியவராம். அந்தக் கெட்ட பெயர் தனக்கு வேண்டாம் என்று இவர் தேடிப் பிடித்து எங்களிடம் வந்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியமே ஆலையில் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், ஆலைச் சட்டையோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, ரொம்பச் சுலபம்லா. பேங்குல உள்ள கணக்கை அப்படியே எடுத்துக் காட்டிருங்க. காசு அங்கதானே இருக்கு?”

“அங்கதான் இருக்கு. ஒரு வெள்ளி தொடல.”

“அப்புறம் என்ன?”

“அதைக் காட்ட முடியாது, தங்கச்சி.”

மேடம் என்று பேசிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில்தான் தங்கச்சி என்றார். காரணம் கேட்காமல், தவறைத் தேடுவதற்காக அவர் கணக்கை முழுதாகத் திறந்து பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டேன். சம்பளம், கேஸ், மளிகை, கோயில் வரவு. அதோடு மாதம் தவறாமல் ஒரு தொகை ஒரே பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பெயரைக் கடந்து கீழே போகப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார்.

“எம் மக கவிதா,” என்றார். “கோலா கெடாவுல இருக்கா. படகுத்துறையில டிக்கெட்டு விக்கிற, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையனைக் கட்டிக்கிட்டா. பிள்ளை பொறந்திருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, நான் அனுப்புறது.”

“தெரிஞ்சா?”

“இந்த வீட்டுக் காசு ஒரு சென் அவ கைக்குப் போனதா தெரிஞ்சா அன்னைக்கே நீயும் கெளம்பிருன்னு சாமி படத்துக்கு முன்னால நின்னு சொன்னவரு. சொன்னா செய்ற ஆளு. அதுக்காகத்தான் உங்க ஆப்பை எடுத்தேன். கோயிலை மட்டும் காட்டலாம், மத்ததை மூடி வைக்கலாம்னு போட்டிருந்தீங்க.”

ஆம், போட்டிருந்தோம். அந்த வாசகத்தை எழுதியவளே நான்தான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

தவறைக் கண்டுபிடிக்கத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சம்பள வெள்ளிக்கிழமை ஒன்றில் அவருடைய வங்கி அனுப்பிய விவரத்தில் நூற்றொரு வெள்ளி வரவுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு. வேறு வங்கிகளிலிருந்து வந்தவை என்பதால் அனுப்பியவரின் பெயர் எங்கள் பக்கம் வரவில்லை. தினேஷின் விதி முதல் வரவை வைத்துக்கொண்டு மற்ற குடும்பங்களை எல்லாம் இரட்டிப்பு என்று தூக்கிப் போட்டிருந்தது. வேறு வேறு நாளில் அனுப்பியவர்கள் மட்டும் தப்பித்திருந்தார்கள். தினேஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் திரையில் இருந்த தேதியை விரல் வைத்துக் காட்டினான்.

“அக்கா, அதே வெள்ளிக்கிழமை நானும் எங்க தோட்டத்துக் கோயிலுக்கு நூத்தொண்ணு போட்டேன்.”

நானும்தான் போட்டேன். அலுவலகத்தில் முதலாளி உட்பட எல்லோரும் வருடா வருடம் போடுகிறவர்கள். வெளியூர்க்காரன் எழுதிய விதி என்றால் அவனைத் திட்டி ஆறுதல் அடைந்திருக்கலாம். எங்களுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். சுறுசுறுப்பானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் நிறுவனம் தவறு செய்யும் என்பதை மட்டும் அவருக்குச் செரிக்காது. அந்த மாதம்தான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தோடு பெரிய ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்.

“சரி பண்ணிருவோம்லா. இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?”

“சரி பண்றதுக்கு முன்னால அந்தக் கோயில்காரங்களுக்கு ஒரு கடுதாசி கொடுக்கணும். தப்பு எங்களோடது, பொருளாளர் மேல எதுவும் இல்லன்னு நம்ம பேருல எழுதணும். ஞாயித்துக்கிழமை கூட்டம் வச்சிருக்காங்களாம்.”

“கடுதாசியா? அதைப் படம் புடிச்சு ஊரெல்லாம் அனுப்புவாங்க. கூட்டுறவுக்காரன் காதுல விழுந்தா காண்ட்ராக்டு போச்சு. விடுபட்டதைத் திரும்ப உள்ள கொண்டு வந்துருங்க. பகிர்வுப் பக்கத்துல எல்லாம் சரியாத் தெரியும். தெரிஞ்சா பிரச்சினை முடிஞ்சிருச்சுதானே?”

“முடியாது. நேத்து ஒரு தொகை, இன்னைக்கு ஒரு தொகைன்னு இருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஏன் மாறுச்சுன்னு அந்தப் பக்கத்துலயாவது ஒரு வாக்கியம் போடுங்க.”

“அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க.”

நான் மேசையைத் தட்டிப் பேசியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தட்டினேன். அவர் மேசைதான், ஆகவே ஒன்றும் நடக்கவில்லை. லெட்சுமி அக்காவிடம் மட்டும், கூட்டம் முடியும்வரை கணக்கை மாற்ற வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். சனிக்கிழமை நான் விடுமுறையில் இருந்தபோது முதலாளி வேறொருவரை வைத்து விடுபட்டதை எல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை லெட்சுமி அக்கா கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

“தங்கச்சி, இப்ப எல்லாம் வந்துருச்சு,” என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை. “குரூப்புல கேக்குறாங்க, மாட்டிக்கிட்டதும் திருப்பி வச்சிட்டியான்னு.”

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் தரவுத்தளம் அந்தச் சனிக்கிழமை மாலை முழுக்க முழுக்கச் சரியாக இருந்தது. ஒரு வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தவறான கணக்கு அந்த அம்மாள் மீது சந்தேகத்தைத்தான் கிளப்பியது. சத்தம் போடாமல் திருத்திய சரியான கணக்குதான் அவரைத் திருடியாக்கியது. எண்ணைத் திருத்தும்போது திருத்தினோம் என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். பழைய எண் என்ன, ஏன் மாறியது, யார் தவறு என்று எழுதுங்கள். உங்கள் முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே காடியை எடுத்துக்கொண்டு கரங்கானுக்குப் போனேன். நிறுவனத்தின் பெயரில் பேச எனக்கு அனுமதி இல்லை, கையில் கடிதமும் இல்லை. அந்தத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எல்லாம் இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டுவிட்டார்கள். கோயிலும் அதன் மண்டபமும் மட்டும் நடுவில் நிற்கின்றன. ஆட்கள் கூலிமிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் காடியில் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். லெட்சுமி அக்கா முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அவர் கணவர் மாரிமுத்து, செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

கோயில் தலைவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கத்துகிற ஆள் இல்லை.

“வெள்ளிக்கிழமை பார்த்தா பாதிப் பேரு காசு இல்ல. நேத்து பார்த்தா எல்லாம் இருக்கு,” என்றார். “காசுக்குக் காலு முளைச்சு நடந்து வந்துச்சா? அதைத்தான் நாங்க கேக்குறோம். வேற ஒண்ணும் கேக்கல.”

நான் எழுந்து, அந்தச் செயலி நிறுவனத்தில் வேலை செய்கிறவள் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். ஒரே நாளில் ஒரே தொகை வந்ததால் எங்கள் இயந்திரம் குழம்பிவிட்டது, காசு எப்போதும் வங்கியிலேயே இருந்தது, நேற்று நாங்கள்தான் திருத்தினோம், அக்கா எதையும் தொடவில்லை. எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

“கம்பெனி கடுதாசி ஏதும் வச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“நீங்க இவங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல.”

“சொந்தமும் இல்ல, கடுதாசியும் இல்ல. ஞாயித்துக்கிழமை அதுவுமா சொந்தக் காடியில பெட்ரோல் போட்டு வந்து பேசுறீங்க.”

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். தலைவர் கையை உயர்த்திச் சிரிப்பை நிறுத்தினார்.

“யார் மேலயும் பழி போட வேணாம். இந்த மேடம் சொல்றது நெசமாவே இருக்கட்டும். லெட்சுமிக்கா, உங்க போனுல பேங்கைத் திறந்து அந்த மாசத்துக் கணக்கை மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் தள்ளிக் காட்டுங்க. காசு அங்கயே கெடந்துச்சுன்னா நாங்க எல்லாரும் உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறோம்.”

நியாயமான பேச்சு. அதைவிட நியாயமாக யாரும் கேட்டிருக்க முடியாது. அந்த மாதத்துக் கணக்கில் கவிதாவின் பெயர் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கோயில் வரவுகளுக்கு நடுவில், தப்பவே முடியாத இடத்தில் இருந்தது.

லெட்சுமி அக்கா கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அப்போது அவர் கணவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“காட்டு லெட்சுமி,” என்றார். “நமக்கு என்ன பயம்? முப்பது வருசமா எங்கிட்டயே ஒரு சென் ஒளிச்சதில்ல இவ. இவளா கோயில் காசை எடுப்பா? போனை இங்க கொடு, நான் காட்டுறேன்.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். மனைவிமேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் நீண்ட கை அது. அந்தக் கை போனைத் தொடுவதற்கு முன்னால் லெட்சுமி அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

“வேணாம். எடுத்தது நான்தான்.”

தலைவர் பக்கம் திரும்பி மேலும் சொன்னார்.

“அவசரத்துக்கு எடுத்தேன். திருப்பி வச்சிட்டேன். இந்த மேடம் என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொல்றாங்க. தப்பு என்னோடதுதான்.”

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது, உத்தரவு. நான் வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ வருடம் இந்தத் தொழிலில் இருந்து, உண்மை எது என்பதைக் கணக்கில் விரல் வைத்துக் காட்டத் தெரிந்த ஒரே ஆளாக அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு, வாயை மூடிக்கொண்டேன். மாரிமுத்து அண்ணன் நீட்டிய கையை மெதுவாக இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் நல்லவர், போலீஸ் வரைக்கும் போக வேண்டாம், காசுதான் வந்துவிட்டதே என்றார். பொருளாளர் பதவியை விட்டுவிடச் சொன்னார்கள். அவ்வளவுதான் தண்டனை, பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

காடியில் ஏறப்போனபோது லெட்சுமி அக்கா வந்தார். கணவர் தூரத்தில் செம்பனை மரங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“நீங்க சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன்,” என்றார். “வாயை மூடிக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி, தங்கச்சி.”

என் பணிக்காலத்தில் வாடிக்கையாளர் ஒருவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்ன நன்றி அது ஒன்றுதான். இன்றும் நினைத்தால் எரிகிறது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனால் முதலாளி வாய் நிறையச் சிரிப்போடு இருந்தார். கோயில் தலைவர் அவரைக் கூப்பிட்டு, எங்கள் ஆள் செய்த தவறுக்கு உங்கள் நிறுவனத்துப் பெண்மணி அலைய வேண்டியதாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாராம்.

“பார்த்தீங்களாக்கா? நான் சொல்லல? கஸ்டமரே ஒத்துக்கிட்டாங்க.”

“அவங்க எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தினேஷுக்குத் தெரியும்.”

“அவங்களே எடுத்தேன்னு சொல்றாங்க. நான் இல்லன்னு போய்ச் சண்டை போடவா?”

அந்தப் புகாரை ‘பயனர் தவறு’ என்று எழுதி மூடினார். நான் கீழே ‘நிறுவனத்தின் தவறு’ என்று எழுதி மறுபடியும் திறந்தேன். அவர் மூடினார். நான் திறந்தேன். மூன்றாவது முறை, அதைத் திறக்கும் அதிகாரத்தையே என்னிடமிருந்து எடுத்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்து ஒப்பந்தம் கிடைத்தது. மறுபடியும் பிரியாணி வந்தது. நானும் தினேஷும் சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தினேஷ் யாரிடமும் கேட்காமல் விதியை மாற்றினான். ஒத்துப்போகும் வரவுகளைத் தூக்கிப் போடாமல், இது இரட்டிப்பா என்று வாடிக்கையாளரையே கேட்கும்படி செய்தான். உங்கள் செயலி இன்று அப்படிக் கேட்கிறது என்றால் அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது இனி உங்களுக்குத் தெரியும்.

நான் ஏன் அன்றே வேலையை விட்டுப் போகவில்லை என்று ஒரு கேள்வி உங்களுக்கு வரும். வீட்டுக் கடன் இருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. நேர்மையான ஆட்கள் எல்லாம் ராஜினாமா செய்துவிடுவார்கள் என்பது சம்பளம் தேவைப்படாதவர்கள் சொல்வது. இருந்துகொண்டே மல்லுக்கட்டலாம், பெரும்பாலும் தோற்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒருவருடைய பண விவரம் தானாக உங்களிடம் வந்து விழும்போது, அதில் அவர் வீட்டுக்குள்ளேயே மறைக்க வேண்டியவையும் சேர்ந்துதான் வருகின்றன. உங்கள் தவறுக்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் அவற்றையும் சேர்த்துத்தான் அவர் விரித்துக் காட்ட வேண்டும். எல்லோராலும் அது முடியாது. ஆகவே உங்கள் தவறை நீங்களே, கடிதத்தில், கையெழுத்தோடு ஒப்புக்கொள்ளுங்கள். தாமதிக்காதீர்கள்.

சில வாரங்கள் கழித்து லெட்சுமி அக்கா மறுபடியும் கூப்பிட்டார். செயலியை எப்போதோ நீக்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். நீக்கவில்லை.

“தங்கச்சி, ஒரு வரவு வந்திருக்கு. பச்சைக் கலர்ல வருமானம்னு காட்டுது. அது வருமானம் இல்ல.”

“யாரு அனுப்புனதுக்கா?”

“கவிதா. போன வாரம் நான் அனுப்புனதை அப்படியே திருப்பி அனுப்பிட்டா.” பிறகு காரணத்தையும் சொன்னார். “தோட்டத்து ஆளுங்க யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. குறிப்புல எழுதியிருக்கா, கோயில் காசு எனக்கு வேண்டாம்மான்னு.”

“அவகிட்டயாவது உண்மையைச் சொல்லுங்கக்கா. நான் வேணும்னா பேசுறேன்.”

“சொல்லி? அவளுக்காகத்தான் நான் திருடின்னு பேரு வாங்குனேன்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? கைப்பிள்ளைக்காரி. அம்மா மேல கோவமாவே இருக்கட்டும். கவலையிலதான் பால் வத்தும், கோவத்துல வத்தாது.”

“வீட்டுல அண்ணன் எப்படி இருக்காரு?”

“எதுக்கு எடுத்தேன்னு அவரு கேக்கவே இல்ல. இப்ப எதையுமே கேக்குறதில்ல. கோயிலுக்கும் போறதில்ல.”

நான் தொழில் பேச்சுக்கே திரும்பினேன். அந்த வரவை வருமானத்திலிருந்து எடுத்து வேறு பிரிவில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம், இருக்கட்டும்,” என்றார். “அடுத்த மாசமும் நான் அனுப்புவேன். அவ திருப்பி அனுப்புவா. எம் பேரைப் பார்த்து, கோவத்தோடயாவது ஒரு தடவை போனைத் தொடுவாள்ல? ரெண்டும் சரியா வந்து விழுதான்னு மட்டும் நீங்க பார்த்துக்கங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் ஓய்வு பெறும்வரை மாதாமாதம் இரண்டும் தவறாமல் வந்து விழுந்தன.